வோபான், ஃப்ரைபுர்க்: வாடகைக்கு இருக்கலாம், வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் நகரின் தெற்கு ஓரத்தில் இருக்கும் வோபானில் வாடகைக்கு வீடு கிடைத்தால், சமையலறை சின்னது, பால்கனி வடக்கு பார்த்தது என்றெல்லாம் குறை பார்க்காமல் கையெழுத்துப் போடுங்கள். விலைக்கு வாங்குவதென்றால் கொஞ்சம் நில்லுங்கள், அங்கே கணக்கு வேறு. நாங்கள் இங்கே வாடகைக்குத்தான் இருக்கிறோம். நடுவில் வாங்கிவிடலாம் என்று அலைந்து, வங்கியில் கடனுக்குப் பேசி, ஒரு வீட்டுக்கு விலை பேசும் அளவுக்குப் போய்த் திரும்பினோம். வேலை மாறி இந்தப் பக்கம் வரும் நண்பர்கள் "கார் இல்லாத ஏரியாவாமே, வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்கு ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் இடம். பிரெஞ்சு ராணுவம் இருந்த பாளையம் இது. கோட்டை கட்டுவதில் பேர்போன பழைய பிரெஞ்சுத் தளபதி வோபானின் பெயர் அதனால்தான் ஒட்டிக்கொண்டது. 1992-ல் ராணுவம் கிளம்பியதும் நகராட்சி நிலத்தை வாங்கியது. ஏறக்குறைய 40 ஹெக்டேர். இன்றைக்கு ஐயாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறோம். மொத்த நிலத்தையும் ஒரு பில்டர் கையில் கொடுக்காமல் சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்தார்கள். குடியிருக்கப் போகிற குடும்பங்களே குழுவாகச் சேர்ந்து, ஆர்க்கிடெக்டை வைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று அவற்றில் நிறைய மனைகளைக் குழுக்களுக்கு விற்றார்கள். அதனால் ஒரு கட்டடம் மாதிரி இன்னொன்று இல்லை. ஒன்றில் மரப்பலகைச் சுவர், பக்கத்தில் பளிச்சென்ற மஞ்சள், அதற்கடுத்ததில் மேல்மாடி வரைக்கும் கொடி. தனி பங்களா கிடையாது. வானளாவிய கட்டடமும் கிடையாது.

கார் இல்லாத ஊர் என்றால் காரே உள்ளே வராது என்று அர்த்தமில்லை. நடுவில் ஓடும் வோபான் அலேயில் 30 கிலோமீட்டர் வேகத்தில் கார் போகலாம். அதிலிருந்து பிரியும் குடியிருப்புத் தெருக்கள் ப வடிவத்தில் வளைந்து மறுபடி அங்கேயே வந்து சேரும். குறுக்கே புகுந்து வேறெங்கும் போக முடியாது என்பதால், அந்தத் தெருவில் வேலை இல்லாதவர் வண்டியோடு வரவே மாட்டார். உள்ளே மனிதர் நடக்கிற வேகம்தான். சாமான் இறக்கலாம், நடக்க முடியாதவரை வாசல் வரை கொண்டுவந்து விடலாம். இறக்கியதும் கிளம்ப வேண்டியதுதான், நிறுத்த இடம் இல்லை. கார் வைத்திருப்பவர்கள் அதைக் குடியிருப்பின் ஓரத்தில் இருக்கும் அடுக்குமாடி கராஜில் விட்டுவிட்டு நடந்து வருகிறார்கள். அதில் ஒன்றின் கூரை முழுக்கச் சோலார் பலகை.

திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மா ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "என்னடி, தெருவுல ஒரு வண்டியைக் காணோம், ஊரடங்கா?" தில்லைநகரில் தெருவைக் கடக்க என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொள்பவர், முட்டிவலிக்காரர். இங்கே காலையில் தானாகவே கிளம்பிப் போய் ரொட்டி வாங்கி வர ஆரம்பித்தார். பாஷை தெரியாது, விரலால் காட்டி வாங்குவார். தெருவில் குழந்தைகள் சாக்பீஸில் போட்ட கட்டத்தைச் சுற்றிக்கொண்டு வருவாரே தவிர மிதிக்க மாட்டார், அது வாசல் கோலமாம். என் மகள் ஒண்ணாம் வகுப்பிலிருந்தே பள்ளிக்குக் கூட்டாளிகளோடு நடந்து போகிறாள். கொண்டுவிடுவது, கூப்பிட்டு வருவது என்ற வேலையே எனக்கு இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே வாடகையில் நூறு யூரோ கூடக் கொடுக்கலாம் என்பேன். கொடுத்துக்கொண்டும் இருக்கிறேன்.

டிராம் 2006-ல் வந்தது. 3-ஆம் எண் வண்டி, புல்தரை மேல் போட்ட தண்டவாளம், அதனால் சத்தம் குறைவு. நகர மையத்துக்குக் கால் மணி நேரம். மளிகை, மருந்துக்கடை, குழந்தைகள் காப்பகம் எல்லாம் கால் எட்டுகிற தூரத்தில். புதன்கிழமை மதியத்துக்கு மேல் ஆல்ஃப்ரெட் டோப்ளின் சதுக்கத்தில் விவசாயிகள் சந்தை. தேங்காய்த்துருவல், இட்லி அரிசி, கறிவேப்பிலை வேண்டுமென்றால் நகரத்துக்குத்தான் போக வேண்டும். பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தள்ளுவண்டிப் பையில் வைத்து டிராமில் கொண்டு வருவது கஷ்டமே இல்லை. அந்தத் தள்ளுவண்டிப் பையை நல்லதாக வாங்குங்கள், சக்கரம் முக்கியம்.

சரி, வாடகைக்கும் சொந்தத்துக்கும் வருவோம். அதற்கு முன்னால் கார் நிறுத்துமிடத்தின் சமாச்சாரம் புரிய வேண்டும். வோபானில் வீட்டுக் கணக்கு தொடங்குவதே அங்கேதான்.

பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தின் கட்டடச் சட்டப்படி ஒரு வீடு கட்டினால் ஒரு கார் நிறுத்துமிடம் காட்டியாக வேண்டும். கார் வேண்டாம் என்பவருக்கும் அதே சட்டம். இதைத் தாண்ட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கார் இல்லாத வாழ்க்கைக்கான சங்கம் ஒன்றை ஆரம்பித்து, அதன் பெயரில் ஓரமாக ஒரு நிலத்தை ஒதுக்கி வைத்தார்கள். என்றைக்காவது தேவைப்பட்டால் அங்கே நிறுத்துமிடம் கட்டிக்கொள்ளலாம் என்பது காகிதத்தில் உள்ள ஏற்பாடு. கார் இல்லாத குடும்பம் சங்கத்துக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, எங்களிடம் கார் இல்லை என்று எழுதிக் கொடுக்கும். கார் உள்ள குடும்பம் கராஜில் ஓர் இடத்தை விலை கொடுத்து வாங்கும். தொடக்க காலத்திலேயே அந்த இடம் ஏறக்குறைய 18,000 யூரோ; சங்கத்துக்குக் கட்டுவது அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். மற்ற ஊர்களில் கார் வைக்கிற செலவு வீட்டு விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும், கார் இல்லாதவனும் சேர்த்துத்தான் கொடுப்பான். இங்கே அதைத் தனியாகப் பிரித்துக் கையில் பில்லாகக் கொடுக்கிறார்கள். எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான், மரமும் சோலாரும் அப்புறம்.

கார் இல்லை என்று எழுதிக் கொடுக்கும் அந்த உறுதிமொழிக் கடிதம் வருடா வருடம் வரும். வீட்டில் யார் பெயரிலும் கார் இல்லை, தினசரி ஓட்ட ஒன்றை வைத்திருக்கவும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். வாடகைக்கு எடுக்கும் பகிர்வுக் கார்களுக்குத் தடையில்லை, நாங்களும் மலைப்பக்கம் போக அதைத்தான் எடுக்கிறோம். ஓட்டுநர் உரிமம் வாங்கிய புதிதில் என் கணவர் பழைய கார் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். அந்தக் கடிதம் சாப்பாட்டு மேஜையில் இரண்டு வாரம் கிடந்தது. கராஜ் இடத்தின் வாடகையைக் கேட்டதும் மனிதர் பேனாவை எடுத்துவிட்டார்.

இதில் திருட்டுத்தனமும் உண்டு. பாட்டி பெயரில் காரைப் பதிந்து, பக்கத்து ஊரான மெர்ட்ஸ்ஹவுசன் தெருக்களில் நிறுத்திவிட்டு நடந்து வருபவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

வாடகைக்கு இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது? தெருவைப் பொறுத்தவரை ஓனருக்குக் கிடைப்பது அத்தனையும். அட்வான்ஸ் சட்டப்படி அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய எங்களுக்கு இது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். ஓனர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியாக வைத்திருக்க வேண்டும். நினைத்தபோது வாடகையை ஏற்றவும் முடியாது. ஃப்ரைபுர்க் மாதிரி நெருக்கடியான ஊர்களில் மூன்று வருடத்துக்கு 15 சதவீதம்தான் உச்சம், அதுவும் நகராட்சி வெளியிடும் வாடகை அட்டவணையைத் தாண்டக் கூடாது. ஓனர் வீட்டை விற்றாலும் நம் ஒப்பந்தம் அப்படியே புது ஓனரிடம் போகும். நமக்குப் பிடிக்கவில்லையென்றால் மூன்று மாத நோட்டீஸில் கிளம்பலாம்.

எங்களுடையது 78 சதுர மீட்டர், மூன்று அறை. அடிப்படை வாடகை 1,240 யூரோ. வெப்பம், தண்ணீர், குப்பை எல்லாம் தனி. வெப்பத்துக்கு ஆகும் செலவு குறைவு, காரணம் உண்டு. இங்கே கட்டிய எல்லா வீட்டுக்கும் ஒரு சதுர மீட்டருக்கு வருடம் 65 கிலோவாட் மணிக்கு மேல் வெப்பம் தேவைப்படக் கூடாது என்று நகராட்சி அப்போதே நிபந்தனை போட்டது. வெப்பம் மரத்துண்டு எரிக்கும் பொது நிலையத்திலிருந்து குழாயில் வருகிறது. ஜனவரியிலும் வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டதில்லை. சமையலறையை மட்டும் முன்பு இருந்தவரிடம் 1,800 யூரோவுக்கு வாங்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் பல வாடகை வீடுகளில் அடுப்பு, தொட்டி, அலமாரி எதுவும் இருக்காது, குழாய் முனை மட்டும் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும். போன வருடச் செலவுக் கணக்கில் குப்பைக் கட்டணம் இரண்டு தடவை ஏறியிருந்தது. நிர்வாக அலுவலகத்துக்கு எழுதிப் போட்டதும் திருத்தி அனுப்பினார்கள். அந்தக் கணக்கை வரி வரியாகப் படிக்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

இப்போது வாடகையின் ஓட்டை. தனக்கோ தன் பிள்ளைக்கோ குடியிருக்க வேண்டும் என்று ஓனர் காரணம் காட்டினால் நாம் காலி செய்ய வேண்டும். குடியிருந்து ஐந்து வருடம் ஆகியிருந்தால் ஆறு மாதம் அவகாசம், எட்டு வருடம் தாண்டினால் ஒன்பது மாதம். எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த குடும்பத்துக்கு அது நடந்தது. ஓனரின் மகன் படிப்பு முடித்து ஊர் திரும்பினான். அந்த அம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தி, "நம்ம கட்டடத்துல யாராவது கிளம்புறாங்களா?" என்று கேட்கும்போது கையில் வீட்டு விளம்பரத் தாள்கள். கடைசி வரை வோபானுக்குள் கிடைக்கவில்லை. வடக்கே குண்டல்ஃபிங்கன் பக்கம் போனார்கள். வேலை ஒரு மூலையில், பிள்ளையின் பள்ளி இன்னொரு மூலையில். போன கையோடு கார் வாங்கினார்கள்.

சாதாரண ஏரியாவில் வாடகை வீடு போனால் வீடு மட்டும்தான் போகும். இங்கே வீடு போனால் வாழ்கிற முறையே போய்விடுகிறது, ஏனென்றால் இதே மாதிரி இன்னொரு இடம் பக்கத்தில் இல்லை. வோபானில் சொந்த வீடு வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது செங்கல்லை அல்ல, இந்தத் தெருவை விட்டுத் தன்னை யாரும் கிளப்ப முடியாது என்ற உறுதியை. அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

நாங்கள் பார்த்த வீடு எங்களுடையதைப் போலவே அளவு, இரண்டாம் மாடி, விலை 4,50,000 யூரோ. இந்த மாநிலத்தில் சொத்து வாங்கும் வரி 5 சதவீதம், அதற்கு 22,500. நோட்டரி, பத்திரப் பதிவு சேர்த்து ஏறக்குறைய 2 சதவீதம், 9,000. புரோக்கர் கமிஷன் நம் பங்கு 3.57 சதவீதம், அது ஒரு 16,000. ஆகமொத்தம் 47,500 யூரோ, சாவி வாங்குவதற்கு முன்பே காற்றில் போகிறது. வங்கி 80 சதவீதம் கடன் தரத் தயாராக இருந்தது. 3,60,000 யூரோவுக்கு 4 சதவீதம் வட்டி என்றால் மாதம் 1,200. நம் வாடகை 1,240. அதாவது வாடகையை ஓனருக்குக் கொடுப்பதற்குப் பதில் வங்கிக்குக் கொடுப்போம், அசல் தனி. அப்புறம் கட்டடப் பராமரிப்புக்கு மாதா மாதம் 340. கையிலிருந்து போடும் பணம், மேல்செலவையும் சேர்த்து 1,37,500. "வாடகை கொடுக்கிறது தண்டம்" என்று ஊரில் சித்தப்பா ஃபோன் பண்ணும்போதெல்லாம் சொல்வார். இந்தக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இருந்தாலும் சொந்தமாச்சே" என்று பதில் வந்தது.

விற்பவரிடம் கராஜ் இடமும் இருந்தது. அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், 22,000 கூடுதல் என்றார். கார் இல்லை என்றோம். "நாளைக்கு விற்கும்போது கராஜ் இடத்தோடு இருந்தால்தான் சீக்கிரம் போகும்" என்றார் கூட வந்த புரோக்கர். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் காரை விட்டு வாழ வந்த இடத்தில், அடுத்து வருபவரின் காருக்காக நான் ஏன் 22,000 யூரோவை முடக்க வேண்டும்?

எங்களைத் திருப்பி அனுப்பியது அதுவும் அல்ல. ஓனர்கள் கூட்டத்தின் பழைய குறிப்புகளைக் கேட்டு வாங்கினோம். வீடு வாங்குகிற எல்லோரும் கேட்க வேண்டிய காகிதம் அது. அந்தக் கட்டடத்துக்கு வெளிப்புற மாடிப்படியும், வீட்டு வாசல்களை இணைக்கும் வெளிநடையும் மரத்தில். இங்கே நிறைய கட்டடங்களில் அப்படித்தான், பார்க்க அழகு. இருபத்தைந்து வருட மழை குடித்து, தாங்குகட்டைகள் சிலவற்றில் ஊறல். மூன்று கூட்டமாக "அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கலாம்" என்றே எழுதியிருந்தது. ஒரு தரப்புக்கு மரமே வேண்டும், இன்னொரு தரப்புக்கு இரும்பு, மூன்றாவது தரப்புக்குச் செலவே வேண்டாம். பொது நிதியில் இருந்த பணம் அந்த வேலைக்குப் பாதி கூட வராது. நான் போய்ப் பார்த்தபோது மூலைக்கட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், உள்ளே போனது. புரோக்கர் "சின்ன வேலை" என்றார். சின்ன வேலையை எதற்கு மூன்று கூட்டமாகப் பேசுகிறார்கள்? அன்று மாலையே வேண்டாம் என்று மெயில் அனுப்பிவிட்டோம்.

குழுவாகக் கட்டியவர்களின் ஊர் இது, பேச்சு ரொம்ப ஜாஸ்தி. முதல் தலைமுறையினர் நிலத்தைச் சேர்ந்து வாங்கி, பில்டரின் லாபம் இல்லாமல் கட்டினார்கள். அவர்களுக்கு வாங்கியது கண்டிப்பாக லாபம்தான். அந்தக் கதையைக் கேட்டு இன்றைக்கு இரண்டாம் கை விலையில் வாங்குகிறவருக்கு அந்த லாபம் கிடையாது. அது விற்பவரின் பைக்குள் போய்விட்டது.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இங்கே இருக்கிறது, அதைத்தான் நான் அதிகம் சிபாரிசு செய்வேன். கெனோவா என்கிற வீட்டுக் கூட்டுறவுச் சங்கம். உறுப்பினராகி, பங்குத்தொகை கட்டி, மாதா மாதம் குடியிருப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். வீடு சங்கத்துக்குச் சொந்தம். விற்று லாபம் பார்க்க முடியாது. கிளம்பும்போது பங்குத்தொகை திரும்ப வரும். மகனுக்கு வீடு வேண்டும் என்று சொல்ல அங்கே தனி ஓனரே இல்லை. இன்னும் எளிமையாக வாழத் தயார் என்றால் பழைய ராணுவக் கட்டடங்களில் சூசி என்கிற குடியிருப்பு இருக்கிறது. ஆரம்பத்தில் இடிக்கப் போகிறார்கள் என்றபோது மல்லுக்கட்டி நான்கு கட்டடங்களைக் காப்பாற்றி, தாங்களே கைப்பட வேலை செய்து வாழத் தக்கதாக்கினார்கள். ஃப்ரைபுர்க்கில் தொடங்கிய வாடகை வீட்டுக் கூட்டமைப்பைச் சேர்ந்தது அது. அந்தக் கூட்டமைப்பின் வீடுகளை யாரும் தனியாக விற்க முடியாதபடி உரிமையை அமைத்து வைத்திருக்கிறார்கள். பொதுச் சமையலறை, வாராந்திரக் கூட்டம் எல்லாம் எனக்கு ஒத்துவராது. ரசம் வைக்கும்போது யாரும் கருத்துச் சொல்லக் கூடாது.

குறை சொல்லாவிட்டால் விளம்பரம் ஆகிவிடும். தெருவில் கார் இல்லாத இடத்தைக் குழந்தைகள் நிரப்பிவிடுவார்கள். இரவுப் பணி முடிந்து பகலில் தூங்குபவர்கள் தெருப்பக்க அறை உள்ள வீட்டை எடுக்காதீர்கள். பார்சல் வேன்கள் நடை வேகத்தில் போவதாக நடிக்கும். கட்டடக் கலைஞர் ரோல்ஃப் டிஷ் கட்டிய 59 சோலார் வீடுகளைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் குழுக்கள் வருகின்றன. அந்தப் பக்கம் குடியிருந்தால் துணி காயப்போடும்போது நீங்களும் ஃபோட்டோவில் இருப்பீர்கள். அப்புறம், எல்லோரும் ஓரளவு ஒரே மாதிரி: படித்தவர்கள், சம்பளக்காரர்கள், குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டால் மென்மையாகத் திருத்துபவர்கள்.

மதிப்பெண் கேட்டால், தெருவுக்கு ஐந்துக்கு ஐந்து. வாடகைக்கு நான்கு, அந்த ஒரு மதிப்பெண் கீழ்வீட்டுக் குடும்பத்துக்காகக் குறைத்தது. இன்றைய விலையில் வாங்குவதற்கு இரண்டரை. கையில் நிறையப் பணம் இருந்து, பதினைந்து இருபது வருடம் இங்கேயேதான் என்று முடிவாக இருந்தால் மூன்றரை போடலாம். மூன்று நான்கு வருட வேலை ஒப்பந்தத்தில் வருபவர்கள் வாங்கும் பேச்சையே எடுக்க வேண்டாம், மேல்செலவு 47,500-ஐ அத்தனை சீக்கிரம் மீட்க முடியாது.

வாடகைக்குத் தேடுபவர்கள் இணைய விளம்பரங்களை மட்டும் நம்பாமல், புதன் சந்தைக்கு வந்து அங்கே இருக்கிற அறிவிப்புப் பலகைகளையும் பாருங்கள், சந்தைக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள். ஓனரிடம் பேசும்போது, வீடு கார் இல்லாத ஏற்பாட்டில் இருக்கிறதா, அவருக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்வியைக் குசலம் விசாரிப்பது போலக் கேளுங்கள். எங்கள் ஓனரம்மாவுக்கு ஒரே மகள், ஹாம்புர்கில் சொந்த வீட்டோடு இருக்கிறாள். கெனோவாவிலும் பெயர் கொடுத்து வைத்திருக்கிறோம்.